பன்னிரண்டால் பெருக்கினால் வருஷம் ஆகாது

(ஓய்வுக்கால வரவு செலவு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, அஞ்சல் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து 2014இல் ஓய்வு பெற்ற சேலத்து அம்மையார் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: எனக்கு 66 வயது. வீட்டில் மனைவியும் நானும் மட்டும். சொந்த வீடு, கடன் இல்லை. காலை நடைக்குப் போகும் இடத்தில் ஒரு நாள் பேச்சு வருஷச் செலவு பக்கம் திரும்பியது. ஒரு நண்பர் 3,10,000 ரூபாயில் குடும்பம் ஓடுகிறது என்றார். இன்னொருவர் 7,80,000 என்றார். எங்களுக்கு 5,40,000 ஆகிறது. 3 லட்சத்தில் ஒரு குடும்பம் நடக்கும்போது நாங்கள் எங்கே கோட்டை விடுகிறோம்? இதை வீட்டில் கேட்டதில் மனைவிக்கும் எனக்கும் மனஸ்தாபம் ஆகிவிட்டது.
*வாசகர், அழகாபுரம், சேலம்*

பதில்: ஐயா, முதலில் வீட்டம்மாவைச் சமாதானம் செய்யுங்கள். அவர் கைச்செலவில் கோட்டை விட்டதாக உங்கள் கடிதத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. 5,40,000 பன்னிரண்டால் மிச்சமில்லாமல் வகுபடுகிறது. மாதம் 45,000. நீங்கள் ஒரு மாதச் செலவை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் உண்மையான வருஷச் செலவு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பயப்படச் சொல்லவில்லை. நானும் இதே இடத்தில் சறுக்கியவள்.

ஓய்வு பெற்றபோது எங்கள் வீட்டு மாதச் செலவு 18,500. பன்னிரண்டால் பெருக்கி 2,22,000 என்று காலண்டர் பின்னால் எழுதி வைத்தேன். 2015 ஏப்ரல் முதல் 2016 மார்ச் வரை உட்கார்ந்து கூட்டியபோது 3,05,000 வந்தது. 83,000 எங்கே போனது என்று இரண்டு ராத்திரி தேடினோம். என் கணவர் லீ பஜாரில் ஒரு மண்டியில் கணக்கு எழுதியவர். வீட்டிலும் மண்டி மாதிரியே அன்றாடம் சிட்டா எழுதுவார், மாதக் கடைசியில் தலைப்பு வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். அந்தப் பேரேட்டில்தான் ஆள் அகப்பட்டது. மருத்துவக் காப்பீடு இருவருக்கும் 21,000. மொய் 17,500. தீபாவளித் துணியும் பலகாரமும் 14,000. கோயில் பயணம் 10,100. தண்ணீர்த் தொட்டி மோட்டார் 9,400. ஸ்கூட்டர் இன்சூரன்ஸும் டயரும் 6,800. வீட்டு வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 4,200. கூட்டிப் பாருங்கள், 83,000 சரியாக வரும். இதில் நாங்கள் எதிர்பாராதது மோட்டார் ஒன்றுதான். மற்றதெல்லாம் வருஷா வருஷம் தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தவை. மாதக் கணக்கில் அவற்றுக்கு இடம் இல்லாததால் எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, இப்போது உங்கள் நண்பர்களின் கணக்கு. அந்த 3,10,000க்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? 2023இல் சூரமங்கலத்தில் எங்கள் தெருப் பெண்கள் நோட்டோடு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஒரு வீட்டில் வருஷத்துக்கு 2,90,000, இன்னொரு வீட்டில் 6,60,000. இரண்டுமே கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீடு. முதல் வீட்டம்மா நல்ல சிக்கனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் மருத்துவக் காப்பீட்டை, 52,000, பெங்களூரில் இருக்கும் மகன் கட்டுகிறான். போனும் இன்டர்நெட்டும் 12,000, அதுவும் அவன்தான். ஆத்தூர்ப் பக்கம் உள்ள நிலத்திலிருந்து அரிசி, தேங்காய், கடலை எண்ணெய் வருகிறது. கடை விலை போட்டுப் பார்த்தோம், 40,000. ஆக, அந்த வீடு ஓட ஆவது 3,94,000.

இரண்டாவது வீட்டில் பேரன் பள்ளிக் கட்டணம் 1,50,000 கட்டியிருந்தார்கள். அந்த வருஷம் காசிக்குப் போனது 60,000. ஏலச்சீட்டுக்குக் கட்டியது 60,000. சீட்டுப் பணம் திரும்பி வரும் பணம், அதைச் செலவில் எழுதக் கூடாது. பேரன் கட்டணம் மனசாரக் கொடுப்பது, வீட்டை ஓட்டும் செலவில் சேராது. காசி வருஷா வருஷம் வராது. மூன்றையும் எடுத்து வைத்தால் 3,90,000. பாதிக்கும் மேல் வித்தியாசம் என்று தொடங்கிய இரண்டு வீடுகளும் கடைசியில் நாலாயிரம் ரூபாய் தூரத்தில் நின்றன. முதல் வீட்டம்மா அன்று சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. "அப்போ என் பையன் எனக்கு வருஷத்துக்கு 64,000 கொடுக்கிறானா? இத்தனை நாள் நான் அதை எண்ணவே இல்லையே அக்கா" என்று மௌனமாகிவிட்டார்.

நீங்களும் பிரித்து எழுதுங்கள். வீடு ஓடும் செலவு ஒரு பக்கம்: மளிகை, பால், காய், கேஸ், மின்சாரம், வேலையாள் சம்பளம். வருஷத்துக்கு ஓரிரு முறை வருவது இன்னொரு பக்கம். உடம்புக்கு ஆவது தனி. கொடுப்பது தனி. அப்புறம், பல வருஷத்துக்கு ஒரு முறை வருவதை வருஷத்துக்குப் பங்கு போட வேண்டும். எங்கள் வீட்டுக்கு 2017இல் பெயின்ட் அடிக்க 85,000 ஆனது. ஆறு வருஷம் தாங்கும் என்று வைத்தால் வருஷத்துக்குச் சுமார் 14,000. பெயின்ட் அடிக்காத வருஷத்திலும் அந்த 14,000 செலவுதான். அதை எடுத்து வைக்காதவர்கள்தான் ஏழாவது வருஷம் டெபாசிட்டை உடைக்க அஞ்சலகக் கவுன்டருக்கு வருவார்கள். எத்தனை பேருக்கு அந்தப் படிவத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்!

அரசாங்கத்தின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு என்று ஒன்று உண்டு. 2023-24இல் நகர்ப்புறத்தில் தலைக்கு மாதம் சராசரி 6,996 ரூபாய் என்று வந்தது. இரண்டு பேருக்கு வருஷம் 1,67,904. இதைப் பார்த்து இன்னொரு தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அது கைக்குழந்தை முதல் எல்லா வயதினரையும், எல்லா ஊரையும், ஐந்தாறு பேர் ஒரே உலையில் சாப்பிடும் வீட்டையும் சேர்த்துப் போட்ட சராசரி. அந்த ஆய்வில் எனக்குப் பயன்பட்டது ஒரு விஷயம். நகரத்துக் குடும்பம் செலவழிப்பதில் நூற்றுக்குச் சுமார் 40 சாப்பாட்டுக்குப் போகிறது. நம் வயதில் அந்த இடத்தை மருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கும். உங்கள் நோட்டில் இந்த வருஷம் சாப்பாட்டுக்கு எத்தனை பங்கு, மருந்துக்கு எத்தனை பங்கு என்று எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதோடு ஒப்பிடுங்கள். நடைக்கூட்டத்து நண்பரின் எண்ணைவிட அது உங்களுக்கு உதவும்.

கேள்வி: என் கணவர் அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்ற ஆண்டு காலமானார். எனக்கு 63 வயது, குடும்ப ஓய்வூதியம் வருகிறது. "ரெண்டு பேர் இருந்த வீட்டில் இப்போ ஒருத்தர்தானே, செலவு பாதியாகிடும்மா" என்று மகன்கள் சொல்கிறார்கள். எனக்கோ மாதக் கடைசியில் கை வறண்டு போகிறது. நான் கணக்குத் தெரியாதவளா?
*வாசகி, குகை, சேலம்*

பதில்: இல்லை தங்கச்சி. உங்கள் மகன்கள் பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் சொல்லும் கணக்கு தப்பு. என் நோட்டைத் திறந்து காட்டுகிறேன்.

என் கணவர் 2017இல் போனார். அதற்கு முந்தைய 2016-17இல் எங்கள் மொத்தச் செலவு 3,36,000. நான் தனி ஆளாக இருந்த முதல் முழு வருஷம் 2018-19. அதில் 2,58,000. நூற்றுக்கு எழுபத்தேழு. பாதி ஆகவில்லை. ஏன் என்று வரி வரியாகப் பார்த்தேன். பால் ஒரு லிட்டர் அரை லிட்டர் ஆனது, அது மட்டும் சரிபாதி. கேஸ் சிலிண்டர் 42 நாள் வந்தது 60 நாள் வந்தது, 84 நாள் வரவில்லை. ஒருத்திக்கு வைத்தாலும் குக்கர் சூடேற அதே நேரம்தான். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், பத்திரிகை, வேலைக்கு வரும் அம்மா சம்பளம், ஹால் விளக்கு, எதுவும் குறையவில்லை. போனால் போகிறதென்று விடக்கூடிய செலவா இவை?

அதோடு, அவர் இருந்தவரை செலவாகவே தெரியாத செலவுகள் வந்தன. குழாயில் வாஷர் தேய்ந்தால் அவரே மாற்றுவார், கடையில் ஐந்து ரூபாய். 2018 ஜூனில் சமையலறைக் குழாய் சொட்டியது. ஆள் கூப்பிட்டேன், 250 ரூபாய் வாங்கினார். அந்த மனிதர் மேல் தப்பில்லை, அவர் வந்து போகிற கூலி அது. அன்று சிட்டாவில் "குழாய் வாஷர் 250" என்று எழுதிவிட்டு அதற்கு மேல் எழுத முடியாமல் நோட்டை மூடிவிட்டேன். இப்படித்தான் அவருடைய ஸ்கூட்டரில் போன இடத்துக்கெல்லாம் ஆட்டோ. வருஷ திதி. ராத்திரி துணைக்கு ஒரு பெண்ணை வைத்த மூன்று மாதச் சம்பளம்.

வரவைப் பாருங்கள். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் 30 விழுக்காடு. ஆரம்ப ஆண்டுகளில் கூடுதல் விகிதத்தில் கிடைப்பவர்களும் உண்டு, ஆனால் அது நிலைக்காது. அகவிலைப்படியும் இதன் மேல்தான் கணக்காகும். ஆக 100 ரூபாய் வந்த வீட்டுக்கு இப்போது 60 வருகிறது. செலவு 100லிருந்து எழுபத்தேழுக்குத்தான் இறங்குகிறது. அந்தப் பதினேழு ரூபாய்தான் மாதக் கடைசியில் உங்கள் கையை வறளவைக்கிறது. இதை அப்படியே மகன்களிடம் படித்துக் காட்டுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இதைப் படிக்கும் ஐயாமார்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நோட்டில் "ஒருவர் மட்டும்" என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் இன்றைக்கே எழுதுங்கள். என்ன வரும், என்ன ஆகும், எந்தப் பாஸ்புத்தகம் எந்த அலமாரியில் என்று வீட்டம்மாவோடு உட்கார்ந்து எழுதுங்கள். என் வீட்டில் அவர் அதைச் செய்துவிட்டுப் போனார். அந்தப் பக்கம் இல்லாமல் என் முதல் வருஷத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: சென்னையிலிருந்து 2022இல் ஏற்காட்டுக்குக் குடிவந்தோம். மலையில் ஏசி வேண்டாம், ஓட்டல் இல்லை, செலவு நன்றாகக் குறையும் என்று நினைத்தோம். சேலத்தில் இருக்கும் என் தம்பி வீட்டோடு ஒப்பிட்டால் எங்களுக்குத்தான் வருஷத்துக்கு 10,000 கூட ஆகிறது. எப்படி?
*வாசகர், ஏற்காடு*

பதில்: மலையில் குறைவது கண்ணுக்குத் தெரியும், கூடுவது தெரியாது. உங்கள் தம்பி வீட்டில் ஏப்ரல், மே மாதத்தில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டியிருக்கும். தாண்டினால் 100க்கு மேல் 200 வரை உள்ள யூனிட்டுக்கான சலுகை விலையும் போய்விடும், பில் சட்டென்று எகிறும். அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. காப்பிக்கொட்டையும் மிளகும் தோட்டத்துக்காரர்களிடமே வாங்குவீர்கள்.

ஆனால் மலையிலிருந்து எத்தனை முறை இறங்குகிறீர்கள்? பல் வலி, கண் பரிசோதனை, ஸ்கேன், கல்யாணம், பேங்க் வேலை என்று ஒவ்வொன்றுக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். சொந்த வண்டி ஓட்டுகிற வரை பெட்ரோலோடு போகும். ஓட்ட முடியாத நாளில் வாடகை வண்டி. இதற்கென்று "மலை இறக்கம்" என்று நோட்டில் ஒரு தலைப்பே போடுங்கள். அந்தப் பத்தாயிரத்தில் பெரும்பங்கு அங்கே இருக்கும் என்று எனக்குப் படுகிறது.

மிச்சம் ஈரம். என் பெரியப்பா மகள் மஞ்சக்குட்டைப் பக்கம் இருந்தாள். ஒரு ஐப்பசியில் போயிருந்தபோது அலமாரியைத் திறந்து கல்யாணப் பட்டுவேட்டியை எடுத்தாள். மடிப்பு நெடுக மிளகு தூவியதுபோல் பூசணப் புள்ளி. சாம்பார்ப் பொடி டப்பாவில் கரண்டி இறங்கவில்லை, கட்டியாகி இருந்தது. மூன்றாவது வருஷமே சுவர் பெயின்ட் உரிந்தது. கீழே ஆறு வருஷம் தாங்குவது மேலே மூன்று வருஷம் என்றால் பங்குத் தொகை இரட்டிப்பு. அரிசி, பருப்பு, பொடியெல்லாம் ஐப்பசி கார்த்திகையில் பதினைந்து நாளுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள்.

வருஷம் 10,000 கொடுத்து மே மாதத்தில் போர்வையோடு தூங்குகிறீர்கள். எனக்கு அது அதிகமாகத் தோன்றவில்லை. ஆனால் ராத்திரி நெஞ்சு வலித்தால் யார் வண்டி எடுப்பார்கள் என்பதற்கு ஒரு பெயரும் போன் நம்பரும் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

கேள்வி: மொய் செய்வதைச் செலவில் எழுதுவதா, கடன் கொடுத்ததாக எழுதுவதா? நாம் செய்தது திரும்பி வருமே!
*வாசகர், ஓமலூர்*

பதில்: உங்கள் பிள்ளைகள் கல்யாணம் முடிந்துவிட்டதா? முடிந்திருந்தால் முழுக்கச் செலவு. உங்களுக்கு வர வேண்டியது அன்றைக்கே வந்துவிட்டது, இப்போது திருப்பிச் செய்கிறீர்கள். 2023இல் எனக்கு 23 பத்திரிகை வந்தது, 41,000 ஆனது. வைகாசியும் ஆவணியும் தையும்தான் கனம். ஆடியிலும் மார்கழியிலும் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் மிச்சமாகும் பணத்தை வேறெதற்கும் தொடாமல் மொய்க்கென்று வையுங்கள். பழைய மொய் நோட்டை எடுத்து, யார் வீட்டில் கல்யாண வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு பென்சில் குறி போட்டால் அடுத்த இரண்டு மூன்று வருஷத்துக்கு உத்தேசம் தெரிந்துவிடும்.

கேள்வி: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் போட்டிருக்கிறேன். காலாண்டு வட்டி வந்த மாதம் தாராளம், மூன்றாவது மாதம் திண்டாட்டம். என்ன செய்வது?
*வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்*

பதில்: 8.2 விழுக்காட்டில் போட்டிருந்தால் காலாண்டுக்கு 61,500 வரும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதி. கவுன்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் கவனித்தது: முதல் வாரம் மொத்தத்தையும் எடுத்துப் போகிறவர்கள்தான் மூன்றாவது மாதம் வந்து, "வட்டி ஏறிடுச்சா பாரும்மா" என்று கேட்பார்கள்.

காலாண்டுப் பணத்தை மாதச் செலவுக்கு வைக்காமல், வருஷச் செலவுக்கு ஒதுக்குங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வருவது வீட்டு வரிக்கும் காப்பீட்டுக்கும் பொருந்தும், அக்டோபர்ப் பணம் தீபாவளிக்கும் ஆகும், ஜனவரி பொங்கலுக்கும் தை மொய்க்கும். மாதச் செலவுக்கு ஓய்வூதியம் இல்லாதவர்கள் அஞ்சலக மாத வருமானத் திட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இருவர் பெயரில் 15 லட்சம் வரை போடலாம், 7.4 விழுக்காட்டில் மாதம் 9,250 வரும். வட்டி விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒரு முறை பார்த்து அறிவிக்கும், ஆனால் நீங்கள் போட்ட அன்றைய விகிதம் ஐந்து வருஷமும் மாறாது.

கேள்வி: மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் மூன்று வருஷத்தில் 38,000லிருந்து 61,000 ஆகிவிட்டது. இதையும் மற்ற விலைவாசியோடு சேர்த்துப் பார்க்கலாமா?
*வாசகி, ஹஸ்தம்பட்டி, சேலம்*

பதில்: சேர்க்காதீர்கள். மளிகை, பால், கூலி எல்லாம் வருஷம் ஆறு விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு வருஷத்தில் இரட்டிப்பாகும். உங்கள் காப்பீடு மூன்றே வருஷத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மளிகையில் வீணாகிறது என்று தோன்றும், காய்கறியில் கைவைப்பீர்கள். அது வேண்டவே வேண்டாம். 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருஷத்துக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அடுத்த ரசீதில் இந்த இரண்டையும் சரிபாருங்கள், இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். மாத்திரைக்கு முதல்வர் மருந்தகமோ மக்கள் மருந்தகமோ பக்கத்தில் இருந்தால் மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை அல்ல) கேட்டு எழுதி வாங்கிப் போங்கள். சுகர், பிரஷருக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பெயர் கொடுக்கத் தயங்காதீர்கள்.

கேள்வி: கணக்கு எழுத ஆசைதான். ஏப்ரலில் தொடங்குவதா, சித்திரையிலா, தையிலா?
*வாசகர், கொண்டலாம்பட்டி*

பதில்: நான் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிக்கிறேன், வரி ரசீதும் வட்டிச் சான்றும் அதோடு ஒத்துப்போகும் என்பதால். ஆனால் ஏப்ரலுக்காகக் காத்திருக்காதீர்கள். மின்சார பில், காப்பீட்டு ரசீது, மருந்துக் கடைச் சீட்டு எல்லாம் டிவி மேலேயோ சாமி அலமாரியிலோ ஒரு டப்பாவில் கிடக்கும். இன்று சாயங்காலம் அதைக் கொட்டி மாதவாரியாக அடுக்குங்கள். போன வருஷத்தில் பாதி அதிலேயே கிடைத்துவிடும். புது டைரி வாங்க வேண்டாம். பேத்தியின் பழைய கோடு போட்ட நோட்டில் மிச்சப் பக்கம் இருக்கும், அது போதும்.